அணில் கடிச்சதும், யாரும் சொல்லாம விட்ட இன்னொரு கடியும்

1/
"டாக்டரம்மா, பேரனை அணிப்புள்ள கடிச்சிருச்சு."

பச்சைமலையில இருந்து துறையூர் பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க அந்தப் பாட்டி. வரிசையில நின்ன ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. பையனுக்கு ஒம்பது வயசு இருக்கும். ஆள்காட்டி விரல்ல மஞ்சள் அப்பி, துணி சுத்தியிருந்துச்சு. நான் சிரிக்கல. காரணம் என் விரல்லயே இருக்கு.

2/
ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக் கொல்லையில, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, தென்னை மரத்தடியில ஒரு அணில் குட்டி விழுந்து கிடந்துச்சு. கண்ணு கூடத் திறக்கல. இங்க் பில்லர்ல பால் கொடுத்து வளர்த்தேன். (பசும்பால் அதுக்கு ஒத்துக்காதுன்னு அப்ப தெரியாது. பிழைச்சது அதோட அதிர்ஷ்டம்.) தோள்ல ஏறும், சட்டைப் பைக்குள்ள தூங்கும். ரெண்டரை மாசம் இருக்கும், ஒருநாள் தலையணை உறைக்குள்ள தூங்கிட்டிருந்ததைக் கையை விட்டு எடுத்தேன். நறுக்!

3/
அம்மாவால நம்பவே முடியல. "ராமர் தடவிக் கொடுத்த அணில். தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில பாடின அணில். அதுவாடி கடிக்கும்?"

கடிச்சதும் நான் செஞ்சது ரெண்டு தப்பு. விரலை வெடுக்குனு இழுத்தேன், சின்னக் காயம் கிழிஞ்சு பெருசாச்சு. அப்புறம் கோவத்துல அதை ஒரு தட்டு தட்டினேன். அன்னைல இருந்து என் கை கிட்ட போனாலே கடி. கையில துண்டு சுத்திக்கிட்டுத்தான் சாப்பாடு வைப்பேன்.

4/
ஒரு வாரம் கழிச்சுத்தான் ஒண்ணு உறைச்சது. தோள்ல இருக்கும்போது அது கடிக்கவே இல்ல. தலையணை உறைப் பக்கம் கை போனா மட்டும்தான் கடிக்குது. உள்ளே பார்த்தா பஞ்சு, வேர்க்கடலை, தேங்காய்த் துண்டு எல்லாம் சேர்த்து வச்சிருக்கு. அதுக்கு அது வீடு! நான் திருடன்! அதுவும் மேலே இருந்து இறங்குற கை அணிலுக்குப் பருந்தும் பூனையும் மாதிரித்தான்.

கூட்டை அப்படியே மாடிக்கு மாத்தி, கதவைத் திறந்து விட்டேன். போகும், வரும். பத்து நாள்ல பக்கத்து மாமரத்துக்குப் போனது, திரும்பி வரல. ரெண்டு நாள் அழுதேன்.

5/
இது நம்ம ஊர் அணிலுக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவில 'பிரெய்ரி நாய்'னு ஒரு பிராணியை ஆசையா வளர்ப்பாங்க. பேருதான் நாய், அதுவும் அணில் குடும்பம்தான். வருஷம் பூரா மடியில கிடக்கிற ஆண் பிரெய்ரி நாய், இனப்பெருக்கக் காலம் வந்தா வளர்த்தவங்களையே கடிக்கும். பாசம் குறைஞ்சுட்டதுன்னு அர்த்தம் இல்ல, அதோட உடம்பு மாறுது. காட்டு உயிர் குட்டியா இருக்கும்போது பழகுறதைப் பார்த்து, வளர்ந்தாலும் அப்படியே இருக்கும்னு நம்புறது நம்ம தப்பு.

6/
கடி மட்டும்தான் ஆபத்துன்னும் இல்ல. 2003-ல அமெரிக்காவில ஒரு வியாபாரி, ஆப்பிரிக்காவில இருந்து வந்த எலி வகைகளைப் பிரெய்ரி நாய்களோட சேர்த்து வச்சிருந்தார். அந்த எலிகள்கிட்ட இருந்து குரங்கம்மை பிரெய்ரி நாய்களுக்குத் தொத்தி, அங்கிருந்து வாங்கி வளர்த்தவங்களுக்கு வந்துச்சு. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் சேர்த்து 6 மாநிலங்கள்ல 47 பேர். நல்லவேளையா யாரும் சாகல. ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனுஷங்களுக்கு அந்த நோய் வந்தது அதுதான் முதல் தடவை. இணையத்துல வீடியோ பார்த்துட்டு வெளிநாட்டுப் பிராணி தேடுற தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்றேன்.

7/
சரி, பையனுக்கு வருவோம். மஞ்சளைக் கழுவி, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் விரலைக் காட்டச் சொன்னேன். அணில், எலி கடிக்குப் பொதுவா நாய்க்கடி ஊசி தேவைப்படாது, ஏன்னா அதுங்க மூலமா ரேபிஸ் வர்றது ரொம்ப அபூர்வம். டெட்டனஸ் ஊசி பார்க்கணும். அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், மூட்டு வலி, உடம்புல தடிப்பு வந்தா உடனே வரணும், எலிக்கடிக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்.

"அணில் ஏன்டா கடிச்சது?"ன்னு கேட்டேன்.
"அட்டைப்பெட்டியில இருந்து தூக்குனேன், அதான்."
எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதே கதை!

8/
சீட்டு எழுதிக்கிட்டே, பழக்கத்துல, "வேற எதுவும் கடிச்சுதா?"ன்னு கேட்டேன்.

"நாய்க்குட்டி கடிச்சுது. அது செத்துப்போச்சு."

பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

9/
பாட்டி பதறிப்போய், "அது எங்க வீட்டுக் குட்டிதாம்மா, விளையாட்டுக்குக் கவ்வுச்சு"ன்னாங்க. ஒவ்வொண்ணா கேட்டேன். ரெண்டு மாசக் குட்டி. கடிச்சுப் பன்னெண்டு நாள் ஆச்சு. பையன் அதை ஒண்ணும் செய்யல, சும்மா உட்கார்ந்திருந்தவன் கையை வந்து கடிச்சிருக்கு. அதுக்கப்புறம் சாப்பிடல, எச்சில் ஒழுகிச்சு, கட்டின கயித்தைக் கடிச்சுது, மூணாம் நாள் செத்துச்சு. பின்னாடி தோண்டிப் புதைச்சாச்சு. பையன் மணிக்கட்டுல நாலு புள்ளி, ஆறிப்போன தழும்பு.

அணில் கடிக்குப் பஸ் ஏறி வந்தாங்க. இதுக்கு யாரும் வரல. ஏன்னா அது 'நம்ம' குட்டி.

10/
பன்னெண்டு நாள் ஆயிடுச்சேன்னு விட முடியாது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி எப்ப வந்தாலும் சிகிச்சை கொடுக்கணும், இன்னைக்குக் கடிச்ச மாதிரியே. அன்னைக்கே முதல் ஊசி போட்டு, காயத்தைச் சுத்திப் போடுற எதிர்ப்புச் சீரத்துக்கு திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "வீட்ல வேற யாரையாவது கடிச்சுதா, பிறாண்டுச்சா?"ன்னு கேட்டதுல அக்காக்காரியும் வந்தா. அவளுக்கும் கையில கீறல், அவளுக்கும் ஊசி.

11/
அதுக்கப்புறம் 3, 7, 28-ம் நாள். முந்திரிக் காட்டு வேலை நடக்குற நேரம். ஒரு நாள் கூலி போனா அந்த வீட்ல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரு ஊசியும் தவறாம பாட்டி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் தேதியைப் பார்த்துப் பயந்துகிட்டே இருந்தேன். இருபத்தெட்டாம் நாள் ஒரு பலாப்பழத்தை மேஜை மேல வச்சுட்டு, "அணிலை விட்டுட்டான்மா"ன்னாங்க.

பல வருஷம் ஆச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பையன் இப்ப என்னை விட உயரம்.

12/
மக்களே, வளர்த்த பிராணி கடிச்சா அடிக்காதீங்க. எங்கே, எப்போ, என்ன செய்யும்போது கடிச்சதுன்னு பாருங்க. தூக்கம், கூடு, சாப்பாடு, வலி, பயம், பருவம், இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும். கவ்விட்டா இழுக்காதீங்க. வாலைப் பிடிச்சு அணிலைத் தூக்காதீங்க, தோலே உரிஞ்சு வந்துடும். வளர்ந்த அணில் போகணும்னா விட்டுடுங்க. மலை அணில், குரங்கு, பச்சைக்கிளி எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, பிடிச்சு வளர்க்கவே கூடாது.

13/
நாய், பூனை, குரங்கு கடிச்சா மட்டும் காரணம் தேடி நேரத்தைப் போக்காதீங்க. "நாம சீண்டினோம், அதான் கடிச்சது", "தடுப்பூசி போட்ட நாய்", "குட்டிதானே", இது எதையும் வச்சு நீங்களே ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல 15 நிமிஷம் சோப்பும் தண்ணியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வேண்டாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். நாய், பூனையை முடிஞ்சா 10 நாள் கவனிங்க. ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் கவனிக்கணும், கவனிச்சுட்டு ஆரம்பிக்கக் கூடாது.

14/
அன்னைக்கு அந்த அணில் கடிக்கலேன்னா, பையன் என் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டான். சேதுவுக்கு மண் சுமந்ததோ இல்லையோ, என் கணக்குல அந்த அணில் ரெண்டு பிள்ளைங்களைக் காப்பாத்துச்சு.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட திட்டாம, சாதாரணமா ஒரு கேள்வி கேளுங்க: "உன்னை எதுவும் கடிச்சுதா கண்ணு?"