புள்ளியின் அருமை

சிறிய பொருளை எள்ளுதல் மாந்தர்க்கு இயல்பு. யாமும் அவ்வியல்பினின்று நீங்கியவரல்லேம். ஒரு புள்ளியின் அருமையை யாம் உணர்ந்தது எமதூரிலே, எமது பிழையினாலேயாம்.

எமதூர் சேலத்தை அடுத்த இளம்பிள்ளை. கஞ்சமலைப் பக்கத்ததாகிய அவ்வூரில் தறியோசை கேளாத தெரு அரிது. சேலையிற் பூ வேலை செய்தற்குத் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி அமைந்திருக்கும். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறி அஃது. அதிற் செல்லும் அட்டையிலே துளையுள்ளவிடத்தில் ஊசி நுழையும்; அதற்குரிய பாவிழை மேலெழும். துளையில்லாவிடத்தில் இழை எழாது.

சென்ற கோடை விடுமுறையில் எந்தையார் சில அட்டைகளைத் தந்து, "கண்ணு, ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக் குத்து" என்றனர். யாமோ கற்றோமென்னுஞ் செருக்கினால் விரைந்து குத்தினேம். ஒரு துளை ஒரு கட்டந் தள்ளி விழுந்தது. இரண்டு முழம் நெய்தபின்னரே, பூவெல்லாம் ஒரேயிடத்திற் குறைபட்டிருத்தல் தெரிந்தது. அச்சேலை குறைந்த விலைக்கே போயிற்று. எந்தையார் எம்மைக் கடிந்திலர். எமது கல்லூரிக் கட்டணத்தையும் குறித்த நாளில் அனுப்பினர். அதுவே எம்மை மிக வருத்திற்று.

கல்லூரி திறந்தபின், உயிரியல் பயிலும் நண்பரொருவர் எமக்கு ஒரு படத்தைக் காட்டினர். அதில் வரிசை வரிசையாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறப் புள்ளிகள் இருந்தன. சேலைக்குப் பூ வரையுங் கட்டத்தாளென்றே யாம் கருதினேம். அவர் நகைத்து, அது டி.என்.ஏ. மைக்ரோஅரேயென்று விளக்கினர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பாட்ரிக் பிரவுன் முதலியோர், அரபிடாப்சிஸ் என்னுஞ் சிறு செடியின் 45 ஜீன்களைக் கண்ணாடித் தகட்டில் இவ்வாறு பதித்து ஆராய்ந்தனராம்.

இயந்திரக் கையொன்று நுண்ணிய முனைகளைக் கரைசலிலே தோய்த்துத் தகட்டில் துளிகளை ஒற்றும். ஒரு துளியின் அகலம் மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அடுத்த கரைசலைத் தொடுமுன் முனைகளைக் கழுவி உலர்த்தல் வேண்டும். பின்னர், ஒப்பிடற்குரிய இரண்டு மாதிரிகளுக்குப் பச்சையும் சிவப்புமாக ஒளிருஞ் சாயங்களை ஏற்றித் தகட்டின்மீது விடுவர். ஒவ்வோர் இழையும் தனக்கு இணையான துளியையே பற்றும். படிக்கும் பொறியோ லேசர் ஒளியால் தகட்டைச் சிறிது சிறிதாக வருடி, எழுகின்ற மெல்லொளியை அளக்கும். இரண்டும் ஒத்திருப்பின் படத்தில் மஞ்சள் தோன்றும். துளி இடம் பிறழினோ, ஒரு ஜீனின் செய்தி மற்றொன்றின் பெயரிலே சென்றுவிடும். அதனாலன்றோ ஒரே துளியைப் பலவிடத்து இட்டு ஒப்புநோக்குகின்றனர்!

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நிகழ்ந்துள்ளது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் முதலியோர் அமெரிக்க அறிஞருடன் கூடி 2009-ஆம் ஆண்டில் ஓராய்வு வெளியிட்டனர். ஒளியச்சு முறையிற் செய்த வேறுவகைத் தகட்டினால், 25 குழுக்களைச் சார்ந்த 132 இந்தியரின் டி.என்.ஏ.வில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களைப் படித்தனர். பெரும்பாலான குழுக்கள் இரு தொன்முன்னோரின் கலப்பென்பதும், பன்னெடுங்காலமாகத் தத்தம் குழுவினுள்ளேயே மணந்தமையாற் சில பரம்பரை நோய்கள் மிகுதல் கூடுமென்பதும் அதனாற் புலனாயின. அங்குப் புள்ளி பிழைபடிற் கெடுவது சேலையன்று. மக்கள் நோயைப்பற்றிய அறிவேயாம்.

யாம் தமிழ் பயில்வோர். ஓலையிலே மெய்யெழுத்தின்மேற் புள்ளியிடாது விடுத்தமையால், சுவடி படிப்போர் இன்னும் இடர்ப்படுதலை வகுப்பிற் கேட்டிருக்கின்றேம். கேட்டும், அட்டையிலே கற்றபின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

வரும் விடுமுறையில் எந்தையாரிடம் மீண்டும் அட்டை கேட்க எண்ணியிருக்கின்றேம். தருவாராயின், எண்ணிக் குத்துவேம்.