கிழக்குக் காற்று

2022 பிப்ரவரி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் கோடை. பிராம்லி என்னும் கிழக்குப் புறநகரில், ஒரு வீட்டின் பின்கட்டில், ஈரத்துணிக் கூடையோடு ஒரு பெண் நிற்கிறாள். மழை வருமா என்று அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறாள். கிளை மேற்கே சாய்கிறது. அப்படியென்றால் கிழக்குக் காற்று. கிழக்கே கடல் இருக்கிறது; கடலுக்கு முன்னால் நகரத்தின் கழிவுநீர்க் குளங்கள் இருக்கின்றன. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் உள்ளே போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. கூடத்தில் மடக்குக் கொடி விரியும் சத்தம் கேட்கிறது. வெளியே வெயில் வீணாய்க் காய்கிறது.

தெருவில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை.

*

அந்தக் குளங்களை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது ஊர்ச் சாக்கடை என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆறு குளங்கள், சுமார் 230 ஹெக்டேர். நீரில் கறுப்பு அன்னங்கள், கூட்டம் கூட்டமாக வாத்துகள். கரையைத் தாண்டினால் ஏவன், ஹீத்கோட் என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் கழிமுகம். வசந்தத்தில் அலாஸ்காவிலிருந்து பறந்து வரும் பட்டைவால் மூக்கன்கள் அந்தச் சேற்றுத்திடலில்தான் இறங்குகின்றன. தொலைநோக்கியோடு ஆட்கள் வருவார்கள்.

நகரத்துக் கழிவறைகளின் நீர் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கிறது. சல்லடையில் குப்பை நிற்கும். தொட்டியில் வண்டல் தங்கும். அடுத்து, 2021வரை, இரண்டு பெரிய வட்டத் தொட்டிகள் இருந்தன. சொட்டு வடிகட்டிகள் என்று பெயர். உள்ளே பிளாஸ்டிக் அடுக்குகள். அடுக்குகளின் மேல் வழவழவென்று நுண்ணுயிர்ப் படலம். மேலிருந்து சொட்டும் கழிவை அந்த உயிர்கள் தின்னும். அவை தின்று மிஞ்சியது, இன்னும் சில தொட்டிகளைக் கடந்து குளத்துக்குப் போகும். குளத்தில் பாசி பகலெல்லாம் ஆக்சிஜனை உண்டாக்கும். பாக்டீரியா அந்த ஆக்சிஜனைக் கொண்டு மிச்சத்தைச் செரிக்கும். வெயில் கிருமிகளைக் கொல்லும். கடைசியில் நீர் குழாய் வழியே, கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கலக்கும். சீராக நடக்கும்வரை யாரும் நினைத்துப் பார்க்காத ஏற்பாடு.

2021 நவம்பர் 1 பிற்பகல், வடிகட்டிகளின் கூரையில் தீப்பிடித்தது. கரும்புகை நகரத்தின் மேல் எழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று ஊர் நிம்மதி அடைந்தது. ஆனால் அந்தத் தீயில் கோடிக்கணக்கான தொழிலாளிகள் செத்துப்போயிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள்.

*

வடிகட்டிகள் இரண்டும் வெந்துபோனதால் அவற்றின் வேலையும் குளங்களின் தலையில் விழுந்தது. நாலு பேருக்கு உலை வைத்த வீட்டில் நாற்பது பேர் பந்திக்கு உட்கார்ந்த கதைதான். ஆக்சிஜன் தீர்ந்தது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் தலையெடுக்கும். அது சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அழுகிய முட்டையின் வாடை. நூறு கோடியில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு அது.

இன்னொரு பக்கம், எரிந்த வடிகட்டிகளுக்குள் கருகிச் சரிந்த பிளாஸ்டிக்குக்கு நடுவே செத்த நுண்ணுயிர்ச் சேறு கிடந்து அழுகியது. இரண்டு நாற்றமும் கலந்து கோடைக்காற்றில் ஏறின.

கிறைஸ்ட்சர்ச்சில் கோடை என்றால் கிழக்குக் காற்றுதான். நிலம் சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மற்றப் பேட்டைக்காரர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

*

நாற்றத்தோடு வாழ்பவர்கள் திசைகாட்டிகளாகிவிடுகிறார்கள். கிழக்குக் காற்றென்றால் பிராம்லிக்கும் லின்வுட்டுக்கும் கெட்ட நாள். தெற்கிலிருந்து அடித்தால் வைனோனி, அரானுய் தெருக்கள் மூக்கைப் பொத்துகின்றன. வடமேற்குக் காற்று வறண்டு தகிக்கும். தலைவலி தரும் என்று ஊரே அதை வையும். அந்த வருடம் பிராம்லியில் அதற்கு வரவேற்பு. வெக்கையோடு வந்தாலும் வீச்சத்தைக் கழிமுகத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதே!

காற்றே இல்லாத இரவுதான் மோசம். அசையாத குளிர்காற்று தரையோடு படிந்துவிடும். வீச்சமும் அதோடு படுத்துக்கொள்ளும். பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை போலும் என்று நினைத்தால், வீட்டுக்காரர் ஈரத்துண்டைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகிக்கொண்டிருக்கிறார். அப்புறம் எதிர்வீட்டிலும் விளக்கு எரிகிறது. இருவரும் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். தலையசைப்புகூட இல்லை. விளக்குகள் அணைகின்றன.

*

பள்ளிக்கூடம். கொரோனாவின் ஒமிக்ரான் வகை பரவிக்கொண்டிருக்கும் மாதங்கள் இவை. வகுப்பறை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் முக்கியம் என்று நாடெங்கும் அறிவுரை. ஆசிரியை ஜன்னலைத் திறக்கிறார். பத்து நிமிடத்தில் கடைசி வரிசைப் பையன் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். அடுத்து இன்னொரு பெண். அப்புறம் வரிசையே முகத்தை மூடிக்கொள்கிறது. ஆசிரியை ஜன்னலுக்குப் போய், கைப்பிடியில் கை வைத்தபடி நிற்கிறார். மூடினால் தொற்று, திறந்தால் குமட்டல். பாதி மூடுகிறார்.

அந்த நோய்க்கு வாசனை தெரியாமல் போவது ஓர் அறிகுறி. மற்ற ஊர்களில் காப்பித்தூளை முகர்ந்து சோதித்துக்கொண்டார்கள். இங்கே வாசற்கதவைத் திறந்தால் போதும்.

*

பேருந்து. நகர மையத்திலிருந்து கிழக்கே வருகிறது. கதவு திறந்ததும் ஏறாமலே நுழைகிறது வீச்சம். வெளியூர்ப் பயணிகள் இருவர் சந்தேகத்தோடு தம் காலணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். இது தன் வீட்டு நாற்றம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விடுகிறார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் எழுகிறார். அவர் இறங்குவதை அந்த இருவரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு என்ற பலகை. பார்க்க வருகிறவர்களுக்காகத் தரகர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அடுப்படியில் காப்பி கொதிக்கிறது. இளம் தம்பதி அறை அறையாகப் பார்க்கிறார்கள், அலமாரியைத் திறந்து மூடுகிறார்கள், முகத்தில் திருப்தி. அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலை உள்பக்கமாக உப்புகிறது. மனைவி கணவனைப் பார்க்கிறாள். தரகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

*

நாற்றத்துக்குப் புகைப்படம் கிடையாது. வெள்ளம் வந்தால் சுவரில் கோடு நிற்கும். நிலநடுக்கம் வந்தால் விரிசல் நிற்கும். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் இதே கிழக்குப் பகுதியில் தரை சேறாகிக் குழைந்தது. சாக்கடைக் குழாய்கள் உடைந்து, தெருவோரத்தில் தற்காலிகக் கழிவறைக் கூண்டுகள் மாதக்கணக்கில் நின்றன. அவற்றுக்கெல்லாம் படம் இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது? சில வீட்டுச் சுவர்களின் சாயம் கறுத்ததாகச் சொன்னார்கள். பழைய ஈயச் சாயத்தில் ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் என்பது வேதியியல். அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்த சாட்சி.

மற்றபடி மூக்குதான் கருவி. வீச்சத்தைப் பதிவு செய்யவே ‘ஸ்மெல்ட் இட்’ என்று ஒரு கைப்பேசிச் செயலி அப்போது இருந்தது. எங்கே, எப்போது, எப்படிப்பட்ட வாடை என்று அழுத்த வேண்டும். அதிகாரி வந்து நின்று முகர்ந்து பார்ப்பார். நியூசிலாந்தில் அதற்கு ஐந்து அளவுகோல்கள்: எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு அருவருப்பு, எந்த மாதிரி இடம். ஐந்துக்கும் ஒருவர் மூக்கு சாட்சி சொல்ல வேண்டும்.

அதிகாரியின் கார் தெருமுனையில் வந்து நிற்கிறது. அவர் இறங்கி, குறிப்பேட்டைத் திறந்து, நின்று முகர்கிறார். வேலிக்கு அந்தப்பக்கம் புகார் கொடுத்த அம்மாள் கைகட்டி நிற்கிறார். காற்று திரும்பிவிட்டது. அரை மணிக்கு முன்புவரை குடலைப் புரட்டியது இப்போது லேசாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாளின் முகத்தில் வேடிக்கையான ஒரு தவிப்பு. இந்த ஒரு தடவை அது நன்றாக நாறித் தொலைக்கக்கூடாதா என்று அவர் வேண்டிக்கொள்வது தெரிகிறது.

மூக்கும் நாளாவட்டத்தில் சலித்துவிடும். வீட்டிலேயே இருப்பவருக்கு வாடை மங்கிப்போகும். தலைவலியும் குமட்டலும் மட்டும் மிஞ்சும். நாலு நாள் வெளியூர் போய்த் திரும்புகிறவருக்குத்தான் வாசற்படியில் முகத்திலடிக்கும். தன் வீடு இப்படித்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஊரைவிட்டுப் போய் வரவேண்டியிருக்கிறது.

*

பொதுக்கூட்டம். மடக்கு நாற்காலிகள். முன்னால் மாநகராட்சிக்காரர்கள், திரையில் குளத்தின் படம். காற்றூட்டும் எந்திரங்கள் இறக்குகிறோம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறோம், இருக்கும் தொட்டிகளையே மாற்றியமைக்கிறோம் என்று விளக்குகிறார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்து, எத்தனை நாள் என்று மட்டும் கேட்கிறாள். மேடையில் ஒருவர் மற்றொருவரைப் பார்க்கிறார்.

மே மாதம் மாநகராட்சி உதவித்தொகை அறிவித்தது: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மிக அருகில் உள்ள வீடுகளுக்குத் தலா 200 டாலர். அதற்காக வரைபடத்தில் எல்லைக்கோடு இழுக்கப்பட்டது. கோட்டுக்கு இந்தப்பக்க வீட்டில் கடிதம் வந்தது. அந்தப்பக்க வீட்டில் வரவில்லை. காற்று அந்தக் கோட்டை மதிக்கவில்லை. ஒருவர் அந்தப் பணத்தில் துணி உலர்த்தும் மின்எந்திரத்துக்கு ஏறிய மின்கட்டணத்தைக் கட்டுகிறார். ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறார். ஓர் இரவு ஜன்னலைத் திறந்து தூங்குவதற்கான விலை அது.

குளிர்காலத்தில் எரிந்த வடிகட்டிகளை வெட்டித் திறந்து, அழுகிய பொருளை அள்ளத் தொடங்கினார்கள். கிளறக் கிளற நாறியது. லாரி லாரியாகப் போனது. குளங்களிலும் மெல்ல மெல்ல ஆக்சிஜன் ஏறியது. ஒரு காலையில் தெருவில் ஒருவர் நாயோடு நடந்து வருகிறார். திடீரென்று நிற்கிறார். மூச்சை இழுக்கிறார், மறுபடியும் இழுக்கிறார். வெட்டிய புல்லின் வாசனை. நாய் அவரை இழுக்கிறது, அவர் நகரவில்லை.

*

நகரத்தின் மேற்கே ஒரு தேநீர்க்கடையில் இருவர் பேசிக்கொள்கிறார்கள்: தெரிந்துதானே அங்கே வீடு வாங்கினார்கள்? பாதி உண்மை. பிராம்லி மணல்வெளியில் 19ஆம் நூற்றாண்டிலேயே கழிவுநீர்ப் பண்ணை இருந்தது. வீடுகள் பிற்பாடு நெருங்கி வந்தன. கையில் பணம் குறைந்தவர் விலை குறைந்த நிலத்துக்குத்தான் வருவார். ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது குளத்தின் அண்டையை. வெந்துபோன வடிகட்டியை அவர் ஏற்கவில்லை.

2025இலும் குளங்களிலிருந்து வீச்சம் திரும்பி வந்தது. எரிந்த வடிகட்டிகளுக்கு மாற்றாகப் புதிய நிலையம் 2028இல் தயாராகும் என்பது திட்டம். அதுவரை அந்த ஊர் குளங்களை நம்பித்தான் இருக்கிறது. நகரத்தின் கழிவு ஒரு நாளும் நிற்காமல் அங்கே போகிறது.

உங்கள் வீட்டில் இழுத்துவிடும் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று ஒரு தடவை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தெருக்காரர் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிட வருவார். கையில் காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. அன்றைக்கு அவர் சொல்வதை நம்புங்கள்.