லோக்கல் டிஸ்க்

2011-12-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். அரசு கொடுத்த லேப்டாப்பை ஆன் செய்தால் நேராக உள்ளே போகாது. கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். ஒன்றில் விண்டோஸ் என்று இருக்கும், இன்னொன்றில் பாஸ் லினக்ஸ் என்று இருக்கும். சில விநாடிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன ஏது என்று தெரியாத பிள்ளைகள் பயந்துபோய் என்டரைத் தட்டுவார்கள்.

செஞ்சியில் ஒரு வீட்டில் அப்படி என்டர் தட்டிய ஒரு அக்கா இருந்தார். அவருடைய தம்பி அப்போது நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. கதை அந்தத் தம்பியைப் பற்றியது. ஆனால் லினக்ஸ் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அக்காவின் பைக்குள் இருந்துதான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15 அன்று. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்த இந்திய லினக்ஸ், 2007-ல் வெளிவந்தது. லேப்டாப்களை வாங்கிக் கொடுத்த எல்காட் நிறுவனத்துக்கும் லினக்ஸ் புதிதில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கே நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். ஆக, மேலே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். பெட்டியைப் பிரித்த பிள்ளைகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1983-ல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இன்றுவரை ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் காசில்லாமல் என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம், அவர் சொல்வது இரண்டாவதை. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. போதாததற்கு அரசு 'விலையில்லா' என்று மூன்றாவதாக ஒரு சொல்லையும் வைத்திருந்தது. விலையில்லா மடிக்கணினிக்குள் ஒரு கட்டற்ற மென்பொருள்... இதை ஒரு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்!

அக்காவின் லேப்டாப்பில் பாஸ் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காந்தி பஜார் பக்கம் ஒரு கடையில் கொடுத்ததும், "இது வேஸ்ட்டுமா, எடம் அடைக்குது" என்று அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்காத ஒரு விண்டோஸ் 7-ஐப் போட்டுக் கொடுத்தார்கள். சி, டி என்று இரண்டு டிரைவ். கூடவே நாலைந்து சினிமாவும்.

இனி 2020-க்குப் போகலாம்.

அந்த வருடம் ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. தம்பி அப்போது கல்லூரி மாணவன். அக்கா கல்யாணமாகித் திருவண்ணாமலைக்குப் போயிருந்தார். ஆன்லைன் வகுப்பு என்றதும் பரணில் இருந்த லேப்டாப் கீழே இறங்கியது. இரண்டு ஜிபி ராம். ஆன் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். பிரௌசரைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் ஒன்று தானாகக் குதித்தது. சரிசெய்யக் கடை இல்லை, எல்லாக் கடையும் மூடியிருந்தது.

வேறு வழியில்லாமல்தான் அவன் லினக்ஸுக்கு வந்தான். கொள்கை கிள்கை எதுவும் இல்லை. (பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். கொள்கையெல்லாம் அப்புறம்தான் ஒட்டிக்கொள்ளும்.)

ஏப்ரல் 23 அன்று லுபுண்டு 20.04 வெளியானது. பழைய கணினிக்கு ஏற்ற, எடை குறைந்த உபுண்டு வகை. கோப்பின் அளவு ஒன்றே முக்கால் ஜிபிக்குப் பக்கம். அவனுடைய போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. முதல் ராத்திரி இறக்கியது பாதியில் அறுந்து வீணாகப் போனது. பிறகு டொரண்ட்டில் போட்டு, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் புது டேட்டா வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சுல்பிகர் கானின் முகலாயப் படை செஞ்சிக் கோட்டைக்கு வெளியே 1690-லிருந்து 1698 வரை காத்துக் கிடந்ததாம். இவனுக்கு மூன்று ராத்திரியிலேயே வேலை முடிந்துவிட்டது. :-)

பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்பினான். இதைத்தான் 'லைவ்' என்கிறார்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும். பிடித்திருந்தால் நிறுவலாம், இல்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். வைஃபை மட்டும் எடுக்கவில்லை, அந்தச் சிப்புக்கு டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டதும் நெட் வந்தது. மவுஸ் நகர்ந்தது, பாட்டுக் கேட்டது, வகுப்பும் ஓடியது. பையனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினான்.

நாலு கேள்விக்குப் பிறகு, எங்கே நிறுவுவது என்று கேட்டது. ஒரு வழியில் போனால் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று ஏதேதோ வந்தது. சி எங்கே, டி எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. இன்னொரு வழி, 'இரேஸ் டிஸ்க்'. அவன் யோசித்ததில் தவறே சொல்ல முடியாது. எட்டு ஒன்பது வருடமாக அந்த லேப்டாப்பில் மை கம்ப்யூட்டரைத் திறந்தால் 'லோக்கல் டிஸ்க் சி', 'லோக்கல் டிஸ்க் டி' என்றுதான் பார்த்திருக்கிறான். டிஸ்க் என்றால் சி. விண்டோஸ் இருக்கிற இடம். அதைத்தானே அழிக்க வேண்டும்? டி தனியாகத்தானே இருக்கிறது?

லினக்ஸில் டிஸ்க் என்றால் டிஸ்க். முழு ஹார்ட் டிஸ்க்கும். சி, டி எல்லாம் அதைப் போட்டிருக்கும் பாத்திக் கட்டு, அவ்வளவுதான். அழிப்பதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கும் என்று திரையில் ஒரு கோடு போட்டும் காட்டும். அதைப் பார்க்க வேண்டும் என்று யார் அவனுக்குச் சொன்னார்கள்?

டி-யில் அக்காவின் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. ஆல்பத்தில் போடாத படங்களும் சேர்த்து. போட்டோகிராபர் கொடுத்த டிவிடி எப்போதோ கீறல் விழுந்து போயிருந்தது. கல்யாணத்துக்கு மறு வருடம் காலமான பாட்டி கடைசியாக நன்றாகச் சிரித்த படம் அதற்குள்தான் எங்கேயோ இருந்தது.

நிறுவி முடிந்து, பளபளவென்று வந்து நின்ற லினக்ஸில் டி-யைத் தேடினான். ஹோம் என்று ஒன்று இருந்தது, காலியாக. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

மறுநாள் விழுப்புரத்தில் இருந்த ஒரு சீனியருக்குப் போன் போட்டான். விவரத்தைக் கேட்டதும் அவர் திட்டவில்லை.

"இப்ப லேப்டாப் ஆன்ல இருக்கா?"

"இருக்குண்ணா."

"மொதல்ல ஆஃப் பண்ணு. இனிமே அந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட விழக் கூடாது. பென் டிரைவ் இருக்குதுல்ல, அது போதும்."

ஹார்ட் டிஸ்கை 'அழிப்பது' என்பதும் ஏமாற்றுகிற சொல்தான். பெரும்பாலும் அழிவது பொருளடக்கம் மட்டுமே. பக்கங்கள் அப்படியே கிடக்கும், மேலே புதிதாக எழுதப்படும் வரை. லுபுண்டு எழுதியது சில ஜிபிதான். மிச்சம் இருநூற்றுச் சொச்சம் ஜிபியும் தொடப்படாமல் இருக்க வாய்ப்பு உண்டு. போட்டோரெக் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. அது பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. டிஸ்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை ஒவ்வொரு துண்டாகப் படித்து, இது ஜேபெக் படத்தின் தொடக்கம் போல இருக்கிறதே என்று கண்டுபிடித்து எடுத்து வைக்கும். பெயரெல்லாம் போய்விடும், படம் கிடைக்கும்.

நண்பனிடம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கடன் வாங்கினான். லைவில் ஏறி, டெர்மினலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெஸ்ட்டிஸ்க் என்று சீனியர் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டி அடித்தான். அதற்குள்தான் போட்டோரெக்கும் வரும். லினக்ஸில் அவன் அடித்த முதல் கட்டளை அது. இந்த முறை எந்த டிஸ்கில் படிப்பது, எந்த டிஸ்கில் எழுதுவது என்பதைச் சீனியரிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என்டர் தட்டினான்.

விடிய விடிய ஓடியது. காலையில் பார்த்தால் ஐநூறு ஐநூறு கோப்பாக ஏகப்பட்ட ஃபோல்டர்கள். பிரௌசரில் எப்போதோ பார்த்த விளம்பரப் படம், சினிமா ஸ்டில், கட்டைவிரல் அளவு ஐகான், யாரோ ஒரு கிரிக்கெட் வீரர்... அதற்கு நடுவே திடீரென்று மாலையோடு அக்கா. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருக்கும் என்பதால் கல்யாணத் தேதியை வைத்து வடிகட்டினான். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. முதலில் எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

லினக்ஸ் புதியவர்களுக்குக் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கட்டளை, டிரைவர், அது இது என்று காரணமும் சொல்வார்கள். அதெல்லாம் தேடினால் கிடைக்கும். 2012-லிருந்து கணியம் இதழில் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998-லேயே தொடங்கியது. விழுப்புரத்திலும் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். தெரியாத சொல் வந்தால் யாரும் நின்று கேட்டுவிடுவார்கள். டிஸ்க் போலத் தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வந்து நிற்கும்போது என்ன செய்வது? நிற்க வேண்டும் என்றே தோன்றாதே! பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் "டேய், இரு" என்று கையைப் பிடித்திருப்பார். ஊரடங்கில் அந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்த காலம் அது. செப்டம்பரில் அது நீங்கியதும் அக்கா செஞ்சிக்கு வந்தார். தம்பி அதற்குள் லினக்ஸில் ஓரளவு தேறியிருந்தான். வைஃபை வேலை செய்தது, தமிழ்99-ல் தட்டச்சுகூடப் பழகியிருந்தான். வந்த அன்றே உண்மையைச் சொல்லிவிட்டான். அக்கா ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எண்களாக மட்டும் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் ஆனது. பாட்டியின் படம் இரண்டாம் நாள் மத்தியானம் கிடைத்தது. கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறமாக ஒரு பட்டை, கீழ்ப்பாதி போய்விட்டது. முகம் முழுதாக இருந்தது.

"இது போதும்டா" என்றார்.

கிளம்புகிற அன்று காலை அவரே லேப்டாப்பை ஆன் செய்தார். நேராக உள்ளே போனது.

"முன்னாடி ரெண்டு வருமே, எது வேணும்னு கேக்குமே?"

"இப்ப ஒண்ணுதான்க்கா."

"எது? நான் அன்னிக்கு வேணாம்னு சொன்னதா?"