தேங்காய் வாசம் தரும் பூசணம்

எங்கள் மலையூரான வாழவந்தியில் காபிக்கு நடுவே மிளகு ஏற்றியிருப்பவர்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கொடி வாடிச் சாயாமல் இருக்கத் தொழு உரத்தோடு கலந்து தூரில் போடும் பூசணம் அது. கடைப் பொட்டலத்தை நம்பியிருக்காமல் வேகவைத்த சோளத்தில் நாமே பெருக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பயிற்சியில் கற்றேன். பைக்குள் பச்சை படர்ந்ததும் பிரித்தேன். குப்பென்று தேங்காய் வாசம். பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் நின்று, "என்ன தம்பி, தேங்கா திருவுற வாசம் வருது?" என்று கேட்டார்.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருள் 6-பென்டைல்-ஆல்ஃபா-பைரோன். இந்தப் பூசணத்தின் முதன்மையான மணம் அதுதான் என்று காலின்ஸ், ஹலீம் என்ற இருவர் 1972-லேயே எழுதிவிட்டார்கள். பீச் பழத்திலும் அது உண்டு. இயற்கையில் இருக்கும் மணப்பொருளை நுண்ணுயிரை வைத்து ஆக்கினாலும் அது இயற்கை மணமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வந்தது பண ஆசை. மறைக்க விரும்பவில்லை. பூசணம் கையில் இருக்கிறது, சோளம் சந்தையில் கிடைக்கிறது, காபித் தோடு களத்தில் குவிந்து கிடக்கிறது. அந்தத் தோட்டிலேயே செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்பிரியேட்டா என்ற பூசணத்தை வளர்த்து, குளுக்கோஸ் சேர்த்து அன்னாசி வாசத்தையும் லூசின் சேர்த்து வாழைப்பழ வாசத்தையும் வரவழைத்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பிரேசிலின் கார்லோஸ் சொக்கோலும், திருவனந்தபுரம் ஆய்வகத்தில் பணியாற்றிய அசோக் பாண்டேயும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆனால் அந்தப் பூசணம் காபி மரத்தையே நோயில் தள்ளக்கூடியது. ஆய்வகத்தில் இருக்கட்டும், மலைக்கு அது வரவே கூடாது என்பது என் பிடிவாதம்.

டிரைக்கோடெர்மாவுக்கே திரும்பினேன். அப்போதுதான் புரிந்தது, அந்தத் தேங்காய் வாசம் மற்ற பூசணங்களை அடக்க அது கையில் வைத்திருக்கும் ஆயுதம். மிளகுத் தூரைக் காப்பதில் அந்த வாசத்துக்கும் பங்கு உண்டு. அளவு மீறிச் சேர்ந்தால் ஆக்கிய பூசணத்தின் வளர்ச்சியையே அது நிறுத்திவிடும். அதனால் ஊறும்போதே எண்ணெயிலோ பிசின் மணிகளிலோ ஈர்த்து வெளியே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வளர்ப்பது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் முடிகிற வேலை. பிரிப்பதற்குத்தான் கருவியும் முதலும் படித்த ஆளும் வேண்டும். இது தெரிந்த பிறகும் ஆசை போகவில்லை, ஆனால் தனியாகச் செய்யும் எண்ணம் போய்விட்டது.

மலைக்குக் கீழே ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயை யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டுக்கு ஊட்டிப் பீச் வாசம் தரும் காமா-டெக்கலாக்டோனை ஆக்குகிறார்கள். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில். மலைக்காரர்களும் கீழ்நாட்டு ஆமணக்கு உழவர்களும் சேர்ந்து சேலத்தில் ஒரு நொதித்தல் கூடம் வைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.