நெல்லில் தொடங்கி உப்பில் முடியும் பாதை

திருத்துறைப்பூண்டி சந்திப்பிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை செல்லும் கிளை ரயில் பாதையின் நீளம் 37 கிலோமீட்டர். வழியில் மலை கிடையாது, சுரங்கம் கிடையாது, பேர் சொல்லும்படி ஒரு பெரிய பாலமும் கிடையாது. காவிரிப் பாசனத்தின் கடைமடையில் புறப்பட்டு உப்பளங்களின் ஓரத்தில் போய் நிற்கும் இந்தப் பாதையில் பார்க்க வேண்டியது மண்ணும் தண்ணீரும் மாறும் விதத்தைத்தான். மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளம் கோடியக்கரை வரை போயிற்று. அந்தக் கடைசித் துண்டு முதலில் கைவிடப்பட்டது. மீதியும் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிடந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று அகஸ்தியம்பள்ளி வரை மட்டும் அகலப்பாதையில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதனால் வேதாரண்யத்தையும் கோடியக்கரைச் சதுப்பையும் ஒரே பகலில் பார்க்க நினைப்பவர்கள் அகஸ்தியம்பள்ளியோடு ரயிலை விட்டுவிட்டு மிச்ச வழியைச் சாலையில்தான் போக வேண்டும். ரயில்களும் சிலவே. நேரம் பார்த்துப் புறப்படாவிட்டால் திரும்புவதற்குப் பேருந்தே கதி.

திருத்துறைப்பூண்டி, திருவாரூர்-காரைக்குடி தடத்தில் உள்ள ஊர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்தாலும், தண்ணீர் தலைமடை வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு இங்கே கடைசியாகத்தான் வந்து சேரும். வராத ஆண்டுகளும் உண்டு. வந்த தண்ணீரை வைத்தும் பெய்யும் மழையை நம்பியும் சம்பா பயிரிடுகிறார்கள். பக்கத்து ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்திப் பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பியவர் ‘நெல்’ ஜெயராமன். வெள்ளத்தையும் உவர்ப்பையும் தாங்கும் ரகங்களின் அருமை கடைமடைக்காரர்களுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு என்று நிலையங்கள் கடக்கும்போது வண்டல் மண் விலகி மணல் தலைகாட்டுகிறது. கடல் பின்வாங்கிய காலங்களில் விட்டுச்சென்ற பழைய மணல்மேடுகள் இவை. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டாத வரை கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். இந்த மெல்லிய நன்னீரை நம்பித்தான் முல்லைப்பூவும் மாவும் தென்னையும் புகையிலையும் வேதாரண்யம் வட்டாரத்தில் விளைகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் ஒரே இரவில் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னையை மறுபடி நட்டுக் காய் பார்க்க ஆண்டுகள் ஆகும். புயலின் கணக்கு இங்கே இன்னும் முடியவில்லை.

தோப்புத்துறை தாண்டியதும் வேதாரண்யம். தேவாரத்தில் இதன் பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது வேதாரண்யேசுவரர் கோயிலின் தலக்கதை. அணையப்போன விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்ற இன்னொரு கதையும் இந்தக் கோயிலுக்கு உண்டு. ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்ற சொலவடையைக் கேட்காத டெல்டாக்காரர் குறைவு.

ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது 1930-இல். காந்தியின் தண்டி யாத்திரையை அடுத்து, உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்கு வந்து அங்கிருந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஊரில் ஏற்பாடுகளைக் கவனித்த வேதரத்தினம் பிள்ளை தம் உடைமைகளை இழந்து சிறை சென்றார். அவர் 1946-இல் நிறுவிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதர் வைரப்பனுக்கும் ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. தலைவர்களின் சிலைகளைவிட இதைத் தேடிப் பார்ப்பது தகும்.

ஏப்ரல் 30 அன்று உப்பை அள்ளிய இடம் அகஸ்தியம்பள்ளி. அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. போராட்டத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்ததில் பொருள் இருந்தது. கோடையில் சதுப்பு வற்றும்போது உப்பு தானாகவே தரையில் படிந்துவிடும். யாரும் விளைவிக்காமல் காலடியில் கிடப்பதை அள்ளுவதைக் குற்றம் என்று சொன்ன சட்டத்தின் அபத்தம் இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ரயில் நிலையத்தைச் சுற்றிலும் உப்பளங்கள்தாம். தூத்துக்குடிக்கு அடுத்தபடி தமிழகத்தில் உப்பு அதிகம் விளைவது வேதாரண்யத்தில். உப்புநீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். நீர் செறிவாகும்போது முதலில் ஜிப்சம் படியும், அதற்குப் பிறகே உப்பு பூக்கும். மிஞ்சும் கசப்புநீரை உரிய நேரத்தில் வடித்துவிடாவிட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்து சுவை கெடும். வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன் மூடி வைப்பார்கள். தை, மாசியில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழையோடு நின்றுவிடும். மழை மாதங்களில் அளத்தொழிலாளிக்கு வருமானம் இல்லை.

அகஸ்தியம்பள்ளியிலிருந்து தெற்கே போகும் சாலை கோடியக்காட்டுக்குள் நுழைகிறது. வெளிமான்களைக் காக்கவே 1967-இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வறண்ட பசுமைமாறாக் காடு தமிழகக் கடலோரத்தில் இவ்வளவு பரப்பில் எஞ்சியிருப்பது அரிது. பாலை மரங்கள் மிகுதி. பழம் பழுக்கும் பருவத்தில் குரங்குக்கும் மனிதனுக்கும் போட்டிதான். வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அதைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு வருகிறது, காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் புல்லுக்குப் பங்கு கேட்கின்றன. திருகிய கொம்புள்ள கருநிற ஆணும் வெளிர்பழுப்புப் பெண்களும் கூட்டமாக நிற்பதைக் காலையிலோ மாலையிலோ பார்க்கலாம். நடுப்பகலில் போனால் ஏமாற்றமே.

காட்டுக்கு மேற்கே விரிவது பெரிய வேதாரண்யம் சதுப்பு. மெல்லிய மணல்திட்டு அதைப் பாக் நீரிணையிலிருந்து பிரிக்கிறது. மேற்கே அது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோடு சேர்ந்துகொள்கிறது. இந்தத் தொகுதி 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, பரப்பு 38,500 ஹெக்டேர். மழை முடிந்து நீர் முழங்கால் அளவுக்கு இறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பூநாரைகள் கூடுகின்றன. அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சிற்றிறால்களையும் பாசியையும் வடிகட்டித் தின்பது அவற்றின் வழக்கம். சைபீரியத் துந்திரத்தில் குஞ்சு பொரித்த உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்கிறது. அதிகம் காணக்கிடைக்காத கரண்டிமூக்கு உள்ளானும் முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. ஆற்றுநீர் வரத்துக் குறைந்து சதுப்பின் உவர்ப்பு கூடியதும், உப்பளங்கள் பரவியதும் இரையைக் குறைத்து, உள்ளான் கூட்டங்களைச் சிறுக்கச் செய்துவிட்டன என்பது ஆய்வாளர்களின் கவலை. உப்பளங்களால் வாழும் ஊரில் இதை உரக்கச் சொல்வது எளிதல்ல.

சாலை முடியும் இடம் கோடியக்கரை. வடக்கிலிருந்து நேராக வரும் சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. வங்கக்கடல் முடிந்து பாக் நீரிணை தொடங்கும் முனை இது, எதிரே யாழ்ப்பாணக் குடாநாடு. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கின் எச்சம் 2004 சுனாமியில் சிதைந்தது. கோடிக்குழகர் கோயிலையும் புதைசேற்றையும் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் படித்துவிட்டு வருபவர்கள் அதில் வரும் படகுக்காரி பூங்குழலியின் படகுத்துறை எது என்று கேட்பதுண்டு. அவள் கல்கியின் கற்பனை. குழகர் கோயிலோ தேவாரப் பாடல் பெற்ற தலம். குளிர்கால மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் குடில் போட்டுத் தங்குகிறார்கள். பிடிபடுவதில் ஒரு பங்கு இங்கேயே கருவாடாகிறது, மற்றது ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகிறது.