தம்பிக்கு, வீட்டுக் கடன் பற்றி

ஸ்காபரோ,
பெப்ரவரி 2026

அன்புள்ள தம்பி,

நேற்று நீ கதைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் நான் சத்தம் போடுவேன், நீ பேசாமல் இருந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சுமதியையும் பக்கத்தில் இருத்தி வாசி; வீடு அவளுடைய பெயரிலும் இருக்கிறது.

புரோக்கர் தந்த கடதாசியை வடிவாகப் பார்த்தேன். வங்கிக்கு உங்கள் மிச்சம் 370,000 டொலர். 2021இல் ஐந்து வருடத்துக்கு 1.99 வீதத்தில் எடுத்தது, மாதம் 1,840 கட்டுகிறீர்கள். அதை உடைத்துவிட்டு ஒரு தனியாரிடம் 410,000க்கு ரீஃபைனான்ஸ் செய்யச் சொல்கிறார். வட்டி 10 வீதம். மாதம் 3,400க்கு மேல் வரும், அதுவும் வெறும் வட்டிதான். முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது. இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடப்பதை நீ கவனித்தாயோ தெரியாது: கடன் கொடுப்பவருக்கும் புரோக்கருக்குமாக 3 வீதம். 12,300 டொலர் உன் கைக்கு வருமுன்னே போய்விடும். வங்கியின் பெனால்ட்டி, லோயர் காசு எல்லாம் கழித்தால் 25,000 தேறும். அந்த 25,000க்காக முழுக் கடனையும் 10 வீதத்துக்கு ஏற்றுவதா?

தவணையும் ஒரு வருடம்தான். முடிந்ததும் புதுப்பிக்க இன்னொரு கட்டணம் கேட்பார்கள். ஒன்டாரியோவில் கட்டுப்பணம் தவறிப் பதினைந்து நாள் போனால் விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். அதிலிருந்து பொதுவாக 35 நாள்தான் அவகாசம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த 35 நாளை எண்ணும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

நீ ஏன் இதற்கு இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். சித்தியின் காசு, சீட்டுக் காசு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கத்தான். கலியாண வீடுகளுக்குக்கூடப் போகாமல் இருக்கிறாய். வங்குரோத்து என்ற சொல்லை நம் சனம் எப்படிச் சொல்லும் என்பதும் தெரியும். ஆனால் நீ யாரையும் ஏமாற்றவில்லை, தம்பி. 0.25 வீதத்தில் இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது. உன் ட்ரக்குக்கு எடுத்த லோன் எல்லாம் அதோடு ஏறியது, ஓட்டமும் குறைந்தது. எத்தனையோ பேர் அதில் விழுந்தார்கள். நீ வங்குரோத்து ட்ரஸ்டியிடம் போய், இரண்டு ஆலோசனை வகுப்பும் இருந்து, வீட்டில் உன் பங்குக்கான காசையும் கட்டி, சட்டப்படி விடுவிப்புப் பெற்றவன். சித்தியின் கடனும் அந்தப் பட்டியலில் இருந்தது. சட்டம் அதைத் தீர்த்துவிட்டது. மனச்சாட்சிக்காகக் கொடுக்க நினைப்பது உன் நல்ல குணம். சம்பளத்தில் மாதம் 200, 300 என்று கொடு. சித்தியிடம் நானே கதைக்கிறேன்.

இவ்வளவு கஷ்டத்திலும் நீங்கள் மோட்கேஜ் ஒரு மாதமும் தவறவிடவில்லை. உன்னிடம் இன்று இருக்கிற பெரிய பலம் அதுதான், அதை அந்தப் புரோக்கர் உனக்குச் சொல்லவில்லை. ஒக்டோபரில் தவணை முடிகிறது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் அதே வங்கி, புதிதாக வருமானம் விசாரிக்காமலே, புதுப்பித்துக் கொடுக்கும். சட்டக் கட்டாயம் இல்லை, வழக்கம். குறைந்தது 21 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் வங்கிகளுக்கு விதி. அதுவரை காத்திராமல் கோடையிலேயே போய்க் கேளுங்கள். வட்டி நாலரை வீதம் என்றாலும் மாதம் 2,300க்குள் அடங்கும், முதலும் குறையும். ஆனால் ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடாதே. இரண்டு அல்லது மூன்று வருடம் எடு. போன வைகாசியில் உனக்கு விடுவிப்புக் கிடைத்தது. அதிலிருந்து இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் மற்ற இடங்களும் உன் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கத் தொடங்கும். வீட்டு மதிப்பின் 80 வீதம் வரை ரீஃபைனான்ஸ் செய்வதை அப்போது யோசிக்கலாம். அதற்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் உண்டு: தரும் வட்டியோடு 2 வீதம் கூட்டியோ, 5.25 வீதத்திலோ, எது கூடவோ அதில் உன் வருமானம் தாங்க வேண்டும்.

அதற்குள் 500 டொலர் வைப்பு வைத்து ஒரு செக்யூர்ட் கார்ட் எடு. பெற்றோல் மட்டும் அடி. 150க்கு மேல் போகவிடாமல் மாதாமாதம் முழுவதையும் கட்டு. ஈக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் கிரெடிட் ரிப்போர்ட் இலவசமாக எடுக்கலாம். தீர்ந்த கடன் எதுவும் இன்னும் நிலுவை என்று காட்டுகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார். காட்டினால் விடுவிப்புச் சான்றிதழின் பிரதியை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். பழைய கணக்கு ஒன்று அப்படிக் கிடந்தாலே நாளைக்கு வங்கி உன்னைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

ஞாயிறு பின்னேரம் மூன்று பேருமாக இருந்து பார்ப்போம். வங்கியின் கடைசி அறிக்கை, விடுவிப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுமதியோடு வா. புரோக்கருக்கு இன்றைக்கே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
அக்கா