துலக்கத் துலக்கத் தேயும் முகம்

வெள்ளிக்கிழமை பூஜைக்கான வேலை வியாழக்கிழமை மாலையே தொடங்கிவிடும். குத்துவிளக்கும் மணியும் தூபக்காலும் முற்றத்துக்கு வரும். அரிசிக் கிண்ணத்தில் அமர்ந்திருக்கும் அன்னபூரணியும் கூடவே இறங்கி வருவாள். காசிக்குப் போனவர்கள் வாங்கி வந்தோ, கல்யாணச் சீரோடு பிறந்த வீட்டிலிருந்து வந்தோ, தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் குடியேறிய சின்னஞ்சிறு பித்தளை அம்மன் அவள். கையில் கரண்டி, மடியில் பாத்திரம். ஊறவைத்த புளியால் நாலு தேய்ப்புத் தேய்த்துக் கழுவினால் பொன்னாக மின்னுவாள். ஆனால் மூன்று தலைமுறை இப்படித் துலக்கிய அன்னபூரணியை அருகில் வைத்துப் பார்த்தால் மனம் துணுக்குறும். மூக்கும் உதடும் மழுங்கி, கண் இருந்த இடம் வழவழவென்று இருக்கும்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு அதன்மேல் படியும் மெல்லிய படலம்தான் நாம் பார்க்கும் கறுப்பு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. படலத்தில் இருக்கும் செம்போ, சிலையின் சொந்தச் செம்பு. ஆகவே ஒவ்வொரு துலக்கலிலும் சிலை இம்மியளவு குறைகிறது. பீடத்தில் அது தெரிவதில்லை, முகத்தில் தெரிகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசி வேலையாகத்தான் வைத்துக்கொள்வார்கள். உளி நுனியால் கீறிய அந்த மெல்லிய கோடுகள்தாம் முதலில் அழிகின்றன.

கோயில் உற்சவ மூர்த்திகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்ட செப்புத் திருமேனிகள் சிலவற்றில் கண்ணையும் புருவத்தையும் பிற்காலத்தில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரும் தேவியும் வேறு வாழ்வு வாழ்ந்தவர்கள். கல்வெட்டுப்படி அவர் 1011இலும் அம்மை அடுத்த ஆண்டிலும் எழுந்தருளினார்கள். பின்னர் மண்ணுக்குள் போய், 1950களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தார்கள். புளியும் சாம்பலும் தீண்டாத அந்த நெடுங்காலத்தால் அம்மையின் ஆடை மடிப்பும் விரல் நெளிவும் இன்றும் தெளிவாக இருக்கின்றன.

அதற்காக, வழிபாட்டில் இருக்கும் சிலையைத் தொடாமலே விட்டுவிட முடியாது. பாலும் சந்தனமும் குங்குமமும் இடுக்கில் காய்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளக்கில் எண்ணெய் வழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறுவதை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு கூடுவதால் வருவது அது. பளபளப்புக்கென்று சிலைக்கு எண்ணெய் தடவினாலும் அதே கதிதான். அபிஷேகம் முடிந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குழந்தைகளுக்கான மெல்லிய டூத்பிரஷால் இடுக்குகளை வருடி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, சற்று நேரம் வெயிலில் வைத்தால் போதும். ஈரத்தோடு அலமாரிக்குள் வைக்கவே கூடாது.

எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. உடனே பளிச்சென்று ஆகும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு இடுக்கில் தங்கிவிட்டால், பிறகு ஈரம் படும்போதெல்லாம் உலோகத்தை அரித்து வெளிர்பச்சைத் தூளாக்கும். அருங்காட்சியகங்கள் அஞ்சும் நோய் இது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கு ஆளான திருமேனிகளைக் காப்பாற்றவே 1930இல் தனி வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தார்.

புளித்தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போடுவதும் ஆகாது. துத்தநாகம் கரைந்து போய், பித்தளை ஆங்காங்கே இளஞ்சிவப்பாகத் திட்டுப் பிடிக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தை அதைவிடத் தூரத்தில் வைக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளங்கியது. தகட்டை அடித்துச் செய்யும் அம்மன் கவசத்துக்கும் வரலக்ஷ்மி முகத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

கடையில் புதிதாக வாங்கும்போது, மேலே வார்னிஷ் பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பூச்சு உள்ள சிலைக்கு ஈரத்துணி போதும். புளி போட்டால் பூச்சு திட்டுத் திட்டாக உரியும். பழமை தோன்றுவதற்காகக் கறுப்பேற்றி விற்கும் சிலைகளையும் துலக்கக் கூடாது. மடிப்புகளில் நிற்கும் அந்தக் கருமைதான் நகையையும் விரலையும் எடுத்துக் காட்டுகிறது.

மின்ன வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. அதைப் பீடத்துக்கும் திருவாசிக்கும் கொடுத்துவிடலாம். கனமும் அகலமும் உள்ள பாகங்கள் அவை; நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் நீர்த்த புளிக்கரைசலோ சலித்த விபூதியோ போட்டுத் துலக்கினால் நெடுங்காலம் தாங்கும். அப்போதும் கரைசல் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல், நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அம்மன் முகத்துக்கும் விரல்களுக்கும் தண்ணீரில் நனைத்த பஞ்சு மட்டும். அங்கே கொஞ்சம் கறுத்திருந்தால் இருக்கட்டும்.